ஒரு வாய் குடித்துக் காட்டுங்கள்

அத்தியாயம் 14

போன வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன அப்பா, அன்றிரவு பட்டினியாகப் படுத்தார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு அவரைத் தெரியவில்லை. எல்லோரும் அடங்கிய பிறகு சமையலறைக்குள் போய், மிச்சமிருந்ததைத் தானே போட்டுக்கொண்டு திருப்தியாகச் சாப்பிட்டார். பெரியவள் பரிமாறினால்தான் அவருக்குத் தொண்டையில் இறங்காது.

"ஊரான் பையைத் துழாவுற கை. அந்தக் கையால எனக்குப் போடாதே. அருவருப்பா இருக்கு."

பெற்ற மகளிடம் சொன்ன வார்த்தை இது.

இத்தனைக்கும் மனிதர் என்ன வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் தெரியுமோ? பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் இல்லாதவனைச் சட்டைக் காலரைப் பிடித்து நடுரோட்டில் இறக்கிவிட்டவர். தெருவே அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிடும். அதைச் சொல்லிக் காட்டினால் பதிலைத் தயாராக வைத்திருப்பார். "நான் டிக்கெட்டைப் பார்த்தேன். இவ ஊரான் ஜட்டியைப் பார்க்கறா."

கட்டியவன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து பெரியவளும் அவள் மகளும் அப்பா வீட்டு ஹாலில்தான் படுக்கிறார்கள். பொழுதுபோக்குப் பூங்காவின் நுழைவாயிலில், வருகிறவர்களின் பைகளைத் திறந்து பார்க்கும் மேசை அவளுடையது. இன்று சாயங்காலம் மேனேஜர் அம்மா கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் ஊழியர் குடியிருப்பில் ஓர் அறை. அந்த அறைக் கதவின் தாழ்ப்பாளை உள்ளே இருந்து போட்டுக்கொள்ளலாம், எந்தக் கையாலும் சாப்பிடலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இன்னிக்கு ஒரு புகார்கூட வரக் கூடாது, புரியுதா?" என்று காலையிலேயே சொல்லிவிட்டார் மேற்பார்வையாளர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயரும் விசில்தான்.

புகார் வராமல் இருக்க வேண்டுமாம். நுழைவாயில் இருந்த லட்சணத்தில்!

வேறெங்கோ ஒரு பூங்காவில் யாரோ எதையோ உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். அதிலிருந்து இங்கே பாதுகாப்பு பலம். வாகன நிறுத்தத்தில் இருந்த குப்பைத்தொட்டிகளை எல்லாம் தூக்கிவிட்டார்கள், யாராவது உள்ளே எதையாவது வைத்துவிடுவார்களாம். வெளியே இருந்த கழிப்பறைக்கும் பூட்டு. ஊழியர் கழிப்பறையின் சாவிகூட மேனேஜர் அறை ஆணியில் தொங்குகிறது. போய் நின்று, கேட்டு, எதற்கென்று சொல்லித்தான் வாங்க வேண்டும். கண்றாவி.

இதற்கெல்லாம் மேலே புதிய சட்டம் ஒன்று. பாட்டிலில் என்ன கொண்டுவந்தாலும் கொண்டுவந்தவர் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். முன்பெல்லாம் மாட்டேன் என்றால் டிரம்மில் கொட்டிவிட்டுப் போகலாம். இந்த வாரத்திலிருந்து மாட்டேன் என்பவரைத் தனி அறைக்கு அழைத்துப்போய் விசாரிக்க வேண்டும்.

"ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க." இதைச் சொல்லிச் சொல்லிப் பெரியவளுக்குத் தூக்கத்தில்கூட வாய் அப்படியே அசைகிறது என்று மகள் சிரிக்கிறாள்.

வரிசை ரோடு வரை நீண்டிருந்தது. வெயில் வேறு. கொட்டிய பாலும் பழச்சாறும் டிரம்மில் புளித்து, மேசைப் பக்கம் நிற்கவே குடலைப் பிடுங்கியது.

"காசையும் குடுத்துட்டுத் திருடன் மாதிரி கையைத் தூக்கிக்கிட்டு நிக்கணுமா?" என்றார் ஒருவர்.

"மொதல்ல அந்தக் கையுறையை மாத்தும்மா. எத்தனை பேரு அழுக்கு அதுல இருக்கு!" என்றாள் ஒரு பெண், தன் பையை இழுத்துக்கொண்டே.

மாற்றத்தான் ஆசை. ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான் தருகிறார்கள். காலையில் வெள்ளையாக இருந்தது இப்போது பார்க்கும்படியாக இல்லை. ஈரத் துணி, பாதி தின்ற பழம், கசங்கிய டயப்பர் என்று எல்லாவற்றையும் அதே கையுறையோடு தொட்டுவிட்டு அடுத்தவர் மாற்றுத் துணிக்குள் கை விட வேண்டும். அப்பா சொன்ன வார்த்தை ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்தது.

ஒருவர் இருமல் மருந்தைக் குடித்துக் காட்டினார். இன்னொரு பெண் ஷாம்பூவைத் தூக்கிக் காட்டி, "இதையுமா குடிக்கணும்?" என்று கேட்டாள். விசில் கொஞ்சம் யோசித்துவிட்டு, "திரவம்னா திரவம்தான். நாக்குல தொட்டுக் காட்டுங்க" என்றார். அவள் தொட்டாள், துப்பினாள், விசிலையும் அவர் வம்சத்தையும் சேர்த்துத் திட்டிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்து வந்தவள் கைக்குழந்தைக்காரி. பாட்டிலில் பால்.

"என் எச்சிலையா பிள்ளைக்குக் குடுப்பேன்?" என்றாள்.

"சட்டம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

"நீயும் பிள்ளை பெத்தவதானே?"

அந்தப் பெண் ஒரு வாய் குடித்தாள். குடித்த வேகத்தில் மிச்சத்தை டிரம்மில் கவிழ்த்துவிட்டு, "த்தூ!" என்று தரையில் துப்பிவிட்டுப் போனாள். துப்பியது தரையில்தான். பெரியவள் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தன் வீட்டு ஆட்களை வரிசையில் பார்த்தாள்.

போன மாதம் கல்யாணமான தம்பி சின்னவன், அவன் மனைவி, அவளுடைய அப்பா பாத்திரக்கடைக்காரர், கடைசியாக அப்பா. இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு நாள் வெளியே போகலாம் என்று டிக்கெட் எடுத்தவர் பாத்திரக்கடைக்காரர்தான். தன் காரிலேயே எல்லோரையும் கூட்டிவந்தவரும் அவரே. எங்கே போவது என்று முன்பே சொல்லியிருந்தால் அப்பா வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார்.

மகளைப் பார்த்ததும் அப்பா சட்டென்று பக்கத்து வரிசைக்கு மாறினார். அவர் போய்ச் சேர்ந்த நேரம், அந்த வரிசையின் ஸ்கேனர் மக்கர் பண்ணியது. விசில் ஊதி எல்லோரையும் பெரியவளின் மேசைக்கே திருப்பிவிட்டார்.

பாத்திரக்கடைக்காரர் முதலில் வந்தார். பையில் ஒரு துண்டும் சீப்பும்தான் இருந்தன. "நல்லா செக் பண்ணும்மா, தப்பே இல்ல. பாதுகாப்பு முக்கியம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மாமாவுக்குப் பாதுகாப்புன்னா உசுரு, அக்கா. கார் பூட்டியிருக்கான்னு வரிசையிலேர்ந்து ரெண்டு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தார்" என்று சிரித்தான் சின்னவன். பாத்திரக்கடைக்காரர் சிரிக்காமல் நகர்ந்தார்.

பிறகு அப்பா. முகத்தைத் திருப்பிக்கொண்டே பையை வைத்தார். துண்டில் சுற்றிய பச்சை பாட்டில் ஒன்று உள்ளே இருந்தது. பெரியவள் எடுத்தாள். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

"ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க."

சொன்ன பிறகுதான் கைக்கு உறைத்தது. பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்ட சூடில்லை. துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்த பாட்டிலில் வெயில் எங்கே படும்?

அப்பா இரவில் எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போகிறார் என்று ஹாலில் படுப்பவளுக்குத் தெரியாதா? வரிசையில் மணிக்கணக்காக நின்றிருக்கிறார். கழிப்பறைக்குப் பூட்டு. நிறுத்தியிருந்த பஸ்களுக்குப் பின்னால் ஒதுங்கி, கையிலிருந்த காலி பாட்டிலில் காரியத்தை முடித்திருக்கிறார். பிறகு எங்கே கொட்டுவது? திரும்பிய பக்கமெல்லாம் காவலாளி. கீழே வைத்துவிட்டு நகர்ந்தாலும், கேட்பாரற்ற பொருள் யாருடையது என்று ஒலிபெருக்கியில் கத்துவார்கள். உள்ளே போய்க் கழிப்பறையில் கொட்டிவிடலாம் என்று பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அப்பா இப்போது அவளைப் பார்த்தார். போன வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. கட்டளையும் இருந்தது.

"சரி, போங்க" என்று பாட்டிலைத் துண்டோடு அவர் பக்கம் தள்ளினாள்.

விசில் பார்த்துவிட்டார். "ஏம்மா, அவர் குடிக்கவே இல்லையே?"

"எங்கப்பா சார்."

"அப்பாவா இருந்தா? ஆளுக்கொரு சட்டமா? பெரியவரே, ஒரு வாய் குடிங்க. இல்லேன்னா அந்த ரூமுக்கு வாங்க, என்னன்னு பார்த்துடலாம்."

"குடிச்சுடுங்கப்பா. பின்னாடி இத்தனை பேர் நிக்கறாங்க" என்றான் சின்னவன், விஷயம் தெரியாமல். பாத்திரக்கடைக்காரர் மட்டும் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா சம்பந்தியை ஒருமுறை பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு பாட்டில் மூடியைத் திருகினார்.

சீ, இல்லை, செய்ய மாட்டார் என்று பெரியவள் நினைத்தாள். கௌரவம் என்ற ஒன்றுக்காக மனிதர்கள் எதையெல்லாம் விழுங்குவார்கள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பாட்டில் அவர் உதட்டுக்குப் போய்விட்டது.

பாய்ந்து பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் பாட்டில் சாய்ந்து, மேசை மேலும் விசிலின் ஷூ மேலும் கொட்டியது. டிரம் நாற்றத்தில் இந்த நாற்றம் யாருக்கும் தனியாகத் தெரியவில்லை.

"அடிப்பாவி! வயசானவர் வாயிலேர்ந்து தண்ணியைப் பிடுங்கறா பாரு!"

"திமிரு! இவங்களுக்கெல்லாம் யூனிபார்மைக் குடுத்தா இப்படித்தான்!"

நாலைந்து செல்போன்கள் மேலே எழுந்தன. பால் கொட்டிய கைக்குழந்தைக்காரி உள்வாசலிலிருந்து ஓடிவந்து, "என் பிள்ளை பாலையும் இவதாங்க கொட்ட வச்சா!" என்று கத்தினாள். இத்தனை நாளாகக் குடித்துக் காட்டியவர்களின் வயிற்றெரிச்சல் முழுக்க அன்று பெரியவள் தலையில் விழுந்தது. சட்டம் போட்டவர்கள் யாரும் அந்தப் பக்கம் இல்லை.

விசில் அவர்களைக் கூட்டிப்போன மேனேஜர் அறை வெளி அலுவலகக் கட்டடத்தில் இருந்தது. நல்ல குளிர். சுவரோரம் ஒரு கைகழுவும் தொட்டி, கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் கழிப்பறைச் சாவி. மேசை மேல் பச்சை பாட்டில் நின்றது, அடியில் கொஞ்சம் மிச்சத்தோடு. அதற்குப் பக்கத்தில் பெரியவளின் நிரந்தர ஆணையும் பேனாவும்.

அப்பாவுக்கும் பாத்திரக்கடைக்காரருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். பெரியவளுக்கு இல்லை. விசில் ஈர ஷூவோடு வாசலில் நின்றார்.

"உன் மேல இதுவரைக்கும் ஒரு புகார்கூட இல்ல" என்றாள் மேனேஜர் அம்மா. "ஏன் பிடுங்கினே? ஏத்துக்கற மாதிரி ஒரு காரணம் சொல்லு. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

காரணமா? ஒரே ஒரு வார்த்தை போதும். அறை, தாழ்ப்பாள், மகளுக்கு ஒரு கட்டில், எல்லாம் அந்த வார்த்தைக்குப் பின்னால் காத்திருந்தன.

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்கப்பா."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "தண்ணி. வீட்டுல காய்ச்சி வடிகட்டி எடுத்துட்டு வந்த தண்ணி."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"இவளுக்கு என் மேல கோபம் மேடம். வீட்டுல ஒரு பேச்சு வார்த்தை ஆச்சு. அந்த ஆத்திரத்தை இங்க நாலு பேர் முன்னாடி காட்டறா. இவ குணமே அப்படித்தான்."

காலையிலிருந்து அந்த டிரம் பக்கத்தில் நின்றதே தேவலை என்று பெரியவளுக்குத் தோன்றியது.

"தண்ணிதான்னா சிக்கலே இல்ல" என்றாள் மேனேஜர் அம்மா. பாட்டிலை அப்பா பக்கம் நகர்த்தினாள். "எனக்கும் ரிப்போர்ட் எழுதணும். ஒரு வாய் குடிச்சுக் காட்டிட்டு நீங்க கிளம்பலாம்."

அப்பாவின் கை மேசை மேல் ஏறியது. பாட்டிலைத் தொட்டது. பாத்திரக்கடைக்காரர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

பெரியவள் நாலு எட்டு வைத்துப் பாட்டிலை எடுத்தாள். சுவரோரத் தொட்டியில் கவிழ்த்தாள், குழாயைத் திறந்தாள், பாட்டிலை அலசினாள், இன்னொரு முறையும் அலசினாள். பாசம் பொங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் கண்ணால் பார்க்கிற சக்தி அவளுக்கு இல்லை, அவ்வளவுதான்.

"எங்கப்பா சொன்னா சரிதான் மேடம். தண்ணிதான். வீட்டுக் கோபம்."

மேனேஜர் அம்மா ஆணையை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினாள். "அடையாள அட்டையைக் குடுத்துட்டுப் போ."

அட்டையைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். அலசிய பாட்டிலை அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார். அந்தக் கையிலிருந்து வாங்க இப்போதும் அவருக்கு அருவருப்புதான்.

பூங்காவுக்குள் போகும் ஆசை யாருக்கும் இல்லை. அப்பா விறைப்பாக நடந்து போய்க் காரின் முன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். சின்னவனும் அவன் மனைவியும் பின்னால் ஏறினார்கள். பெரியவள் அலுவலகத்துக்குப் பின்பக்கம் போய், கையுறையை உரித்து எறிந்துவிட்டு, வெளிக்குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி..."

பாத்திரக்கடைக்காரர் மூச்சு வாங்க நின்றிருந்தார்.

"அந்த பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்மா."

பெரியவள் குழாயை மூடவில்லை.

"எனக்கும் அதே தொல்லைதான். டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார், கேக்க மாட்டேங்குது. கார் சீட்டுக்கு அடியில ரெண்டு பாட்டில் வச்சிருக்கேன். கார் பூட்டியிருக்கான்னு பார்க்கவா அத்தனை தடவை போனேன்?" குரலைத் தாழ்த்தினார். "உங்கப்பா பஸ்ஸுக்குப் பின்னாடி ஒதுங்கினப்பவே புரிஞ்சுபோச்சு. நீ அவர் மானத்தைக் காப்பாத்தினே பாரு, தங்கமான மனசு உனக்கு."

"தங்கமும் இல்ல, தகரமும் இல்ல" என்றாள் பெரியவள். "தெரிஞ்சும் உள்ள ஏன் மாமா வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க?"

"சம்பந்தியைப் பத்தி நான் எப்படிம்மா..."

"அவரைப் பத்தி யார் சொல்லச் சொன்னா? உங்களைப் பத்திச் சொல்லியிருக்கலாமே. வெளிய ஒரு கழிப்பறை இல்ல, என்னை மாதிரி ஆளுங்க பாட்டிலைத் தூக்கிக்கிட்டு அலையறோம், அதைப் போய்க் குடிக்கச் சொல்றீங்களேன்னு கேட்டிருக்கலாமே!"

"என் பொண்ணு வாழப்போன வீடு. அவங்க முன்னாடி எனக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல?"

"இருக்கு. அவருக்கும் இருக்கு. ரெண்டு ஆம்பளைங்க மரியாதைக்கும் சேர்த்து என் வேலையை எடுத்துக் குடுத்துட்டீங்க." அவளுக்குக் குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது. "வாசல்ல அந்தப் பொம்பளை துப்பினா. அவளைக்கூட எனக்குப் பிடிச்சிருக்கு மாமா. மனசுல இருந்ததை வெளிய துப்பினா."

பாத்திரக்கடைக்காரர் ஒரு காலில் நின்றார். மறு காலுக்கு மாறினார். நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

"மேடம் இன்னும் கிளம்பலை" என்றாள் பெரியவள். "இப்பவும் போய்ச் சொல்லலாம்."

வாகன நிறுத்தத்திலிருந்து காரின் ஹாரன் கேட்டது. அப்பாதான் கையை நீட்டி அழுத்துகிறார். பாத்திரக்கடைக்காரர் அந்தப் பக்கம் பார்த்தார். சீட்டுக்கு அடியில் பாட்டில்கள் இருந்தன. சீட்டுக்கு மேலே சம்பந்தி இருந்தார்.

"அம்மாடி, கொஞ்சம் அவசரம்" என்று முனகினார். "இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

பெரியவள் குழாயை மூடினாள். ஈரக் கையாலேயே பின்பக்கக் கதவைக் காட்டினாள்.

"அதோ, அதுதான். பூட்டியிருக்கும். சாவி மேடம்கிட்ட இருக்கு. நேர்ல போய்க் கேக்கணும். எதுக்குன்னு சொல்லணும்."

ஹாரன் மறுபடி ஒலித்தது.